ஒரு கிலோ பருப்பும் பூட்டிய கதவும்

உதய்பூர் மலைக் கிராமங்கள் நோபல் அறிஞர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று. அரசாங்கங்கள் அதில் பாதியைத்தான் படித்தன.

உதய்பூருக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்க்க வருகிறார்கள். பிச்சோலா நீரில் மிதப்பதுபோல் நிற்கும் வெள்ளை மாளிகை, கரையில் மேவார் ராணாக்களின் அரண்மனை, அதன் நிழலில் கடைக்குக் கடை தொங்கும் கயிற்றுப் பொம்மைகள், மொட்டைமாடி ஓட்டல்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தேனிலவுத் தம்பதிகள். 1559-ல் இரண்டாம் உதய் சிங் நிறுவிய இந்த நகரத்துக்குத் தன் அழகை விற்கத் தெரியும்.

ஜாடோல் பஸ்ஸில் ஏறிவிட்டால் அரை மணி நேரத்தில் ஏரி மறந்துபோகிறது. தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர். சாலை ஆரவல்லிக் குன்றுகளுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. மார்ச் மாதத்தில் பலாச மரங்கள் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுத் தீப்பிடித்ததுபோல் பூத்து நிற்கின்றன. விடிகாலையில் இலுப்பை மரத்தடியில் பெண்கள் குனிந்து பூப் பொறுக்குகிறார்கள். இது பீல்களின், கராசியாக்களின் பூமி. இங்கே தெரு என்பதே இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மேடு, மேட்டின்மேல் ஒரு வீடு, வீட்டைச் சுற்றி அதன் மக்காச்சோளக் கொல்லை. இப்படிச் சிதறிக் கிடக்கும் வீடுகள் சிலவற்றைச் சேர்த்து 'ஃபலா' என்கிறார்கள். அடுத்த வீட்டில் உப்பு வாங்குவதென்றாலும் ஒரு பள்ளத்தில் இறங்கி ஒரு மேட்டில் ஏறவேண்டும். ஆண்களில் பலர் வருஷத்தில் பாதிநாள் குஜராத்தில் கூலி வேலையில் இருப்பார்கள். ஹோலிக்குத் திரும்பி வருவார்கள். வந்த சுவடு மறைவதற்குள் அகமதாபாத் வண்டி பிடிப்பார்கள்.

இந்த மேடு பள்ளங்களில்தான், உலகெங்கும் அரசாங்கங்கள் இன்று ஆர்வத்தோடு பேசுகிற ஒரு யோசனை சோதித்துப் பார்க்கப்பட்டது. மக்களைக் கட்டாயப்படுத்தாமல், தண்டிக்காமல், லேசாக ஒரு தட்டுத் தட்டி அவர்களுக்கு நல்லதைச் செய்யவைக்க முடியுமா? முடியும் என்று உதய்பூர் சொன்னது. எதுவரைக்கும் முடியும் என்பதையும் சேர்த்தே சொன்னது. முதல் பாதி உலகப் புகழ் பெற்றது. இரண்டாம் பாதியைக் கேட்டவர்கள் குறைவு.

கதையின் மையத்தில் இருப்பது சேவா மந்திர் என்ற தன்னார்வ நிறுவனம். உதய்பூரில் வித்யா பவன் பள்ளியை 1931-ல் தொடங்கியவரும், பிற்காலத்தில் இந்தியத் தூதராக இருந்தவருமான மோகன் சிங் மேத்தா 1960-களின் பிற்பகுதியில் உருவாக்கியது. 2002-2003-ல் இந்த நிறுவனத்தோடு சேர்ந்து, மாவட்டத்தின் 100 குடியிருப்புகளில் உடல்நலம் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நடத்தியவர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ஆங்கஸ் டீட்டன். மூவருமே பிற்பாடு பொருளாதார நோபல் பெற்றார்கள். டீட்டன் 2015-ல், மற்ற இருவரும் 2019-ல்.

அவர்கள் ஒரு எளிய காரியம் செய்தார்கள். அரசு சுகாதார நிலையங்களுக்கு வாரா வாரம் ஆள் அனுப்பி, கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். துணை சுகாதார நிலையங்கள், வேலை நேரத்தில், 56 சதவிகிதம் மூடிக் கிடந்தன. நர்ஸ் கிராமங்களுக்குப் போயிருக்கலாம் அல்லவா? தேடிப் பார்த்ததில் 12 சதவிகிதம் சமயங்களில்தான் அவர் தன் பொறுப்பிலுள்ள கிராமம் ஏதாவது ஒன்றில் இருந்தார். எந்த நாளில் திறந்திருக்கும், எந்த நாளில் மூடியிருக்கும் என்று ஊகிக்கவும் வழியில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு குன்று ஏறி இறங்கி வருகிற பெண்ணுக்குக் கதவில் பூட்டுத் தெரிந்தால், அடுத்த தடவை அவள் வரமாட்டாள். பட்டம் இல்லாத 'டாக்டரிடமோ', மந்திரிக்கும் 'போபா'விடமோ போவாள். அப்படித்தான் போனார்கள்.

தடுப்பூசி விஷயம் இன்னும் மோசம். காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, போலியோ, அம்மை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குழந்தையை ஐந்து தடவையாவது கொண்டுபோகவேண்டும். இந்தக் கிராமங்களில் அத்தனையையும் முடித்த குழந்தைகள் நூற்றுக்கு ஆறு பேர்.

ஆதிவாசிகளுக்கு மூடநம்பிக்கை, கண்ணேறு பட்டுவிடும் என்று குழந்தையை வெளியே எடுக்கமாட்டார்கள், அவர்களை மாற்ற ஒரு தலைமுறை ஆகும் என்பது அதிகாரிகளின் வழக்கமான விளக்கம். பானர்ஜி, டுஃப்லோ, ரேச்சல் கிளெனர்ஸ்டர், துருவா கோத்தாரி ஆகியோர் இதைச் சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தார்கள். 134 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் 30 கிராமங்களில் மாதம் தவறாமல், குறித்த நாளில், குறித்த நேரத்தில் சேவா மந்திர் தடுப்பூசி முகாம் நடத்தியது. இன்னொரு 30 கிராமங்களில் அதே முகாம், கூடவே ஒரு பரிசு: ஒவ்வொரு தடவை ஊசி போடும்போதும் ஒரு கிலோ பருப்பு, எல்லாம் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகள். தட்டுக்கு இந்தியில் 'தாலி' என்று பெயர்; தமிழ் வாசகர்கள் திடுக்கிடவேண்டாம். மீதிக் கிராமங்கள் எப்போதும்போல் விடப்பட்டன.

முடிவுகள் 2010-ல் வெளியாயின. எதுவும் செய்யாத கிராமங்களில் 6 சதவிகிதம். முகாம் மட்டும் நடந்த இடங்களில் 18. முகாமோடு பருப்பும் கொடுத்த இடங்களில் 39. அப்போது ஒரு கிலோ பருப்பின் விலை சுமார் 40 ரூபாய். ஒரு நாள் கூலிக்கும் குறைவு. விசித்திரம் என்னவென்றால், பருப்பு கொடுத்ததால் செலவு கூடவில்லை, குறைந்தது. எத்தனை குழந்தை வந்தாலும் நர்ஸுக்கும் ஜீப்புக்கும் ஆகிற செலவு ஒன்றுதான். கூட்டம் அதிகமானதால், எல்லா ஊசியும் முடித்த ஒரு குழந்தைக்கான செலவு சுமார் 2,200 ரூபாயிலிருந்து 1,100 ரூபாயாக இறங்கியது.

பரம்பரை பரம்பரையாக ஊறிப்போனது என்று சொல்லப்பட்ட நம்பிக்கை ஒரு கிலோ பருப்புக்கு விட்டுக்கொடுத்துவிட்டது! அப்படியானால் அது அவ்வளவு கெட்டியான நம்பிக்கையாக இருந்திருக்க முடியாது. முகாம் மட்டும் நடந்த கிராமங்களிலேயே இதற்குத் தடயம் இருந்தது. அங்கும் தாய்மார்கள் முதல் ஊசிக்கு வந்தார்கள். போகப் போகத்தான் நின்றுபோனார்கள். எதிர்ப்பு இருந்தால் முதல் ஊசிக்கே வந்திருக்கமாட்டார்கள். அவர்களிடம் இருந்தது தள்ளிப்போடுதல். நம் எல்லாரிடமும் இருப்பதுதான்.

ஜாடோல் சாலையிலிருந்து விலகி உள்ளே போகும் ஒரு ஃபலாவில், வியாழக்கிழமை காலை, அங்கன்வாடி வாசலில் நான் பார்த்த ஒரு தாய் இதை எந்தப் பொருளாதார நிபுணரையும்விடச் சுருக்கமாகச் சொன்னார். மடியில் பத்து மாதக் குழந்தை. "ஊசி போட்டால் ராத்திரி முழுக்கக் காய்ச்சல், அழுகை. மறுநாள் நான் வேலைக்குப் போக முடியாது. அது இன்றைக்கு. வியாதி வரும் என்கிறார்கள். அது எப்போது வரும், பாய்சாப்?"

நஷ்டம் இன்று, லாபம் என்றோ, அதுவும் கண்ணுக்குத் தெரியாத லாபம். வராத வியாதியை யார் பார்த்திருக்கிறார்கள்? வருமான வரிச் சேமிப்பை மார்ச் கடைசி வாரம்வரை ஒத்திப்போடுகிற சென்னை, மும்பை குமாஸ்தாவுக்கும் இந்தத் தாய்க்கும் மனசளவில் வித்தியாசம் இல்லை. குமாஸ்தாவுக்குச் சம்பளத்திலேயே பி.எஃப். பிடித்துக்கொள்கிறார்கள். குழாயைத் திறந்தால் சுத்தம் செய்த தண்ணீர் வருகிறது. அவர் நல்ல முடிவு எடுக்கவே தேவையில்லாதபடி பல முடிவுகளை வேறு யாரோ அவருக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். மலைமேல் இருக்கிறவள் மட்டும் ஒவ்வொரு நாளும், ஒவ்வொன்றுக்கும், தானே தீர்மானித்து, தானே நடந்து போகவேண்டும்.

சரி, பிறகு ஏன் வந்தீர்கள் என்று அந்தத் தாயைக் கேட்டேன். "ஆஷா பெஹன் ரெண்டு தடவை வீடு ஏறி வந்துவிட்டாள். மூன்றாம் தடவையும் அவளை மேடு ஏறவைக்க வெட்கமாக இருந்தது" என்றார்.

அந்த வெட்கமும் ஒரு தட்டுத்தான். இதற்கு ஆங்கிலத்தில் 'நட்ஜ்' என்று பெயர். ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008-ல் எழுதிய புத்தகத்தால் பிரபலமான சொல். தேலருக்கு 2017-ல் நோபல் கிடைத்தது. எதையும் தடை செய்யாமல், பணக் கணக்கைப் பெரிதாக மாற்றாமல், தேர்வு செய்கிற சூழ்நிலையை மட்டும் சற்றுத் திருத்தி, மனிதர்கள் போகும் திசையை மாற்றுவது என்பது அவர்கள் தரும் இலக்கணம். கறாராகப் பார்த்தால் பருப்புக்கு விலை உண்டு என்பதால் அது நட்ஜ் ஆகாது, சன்மானம் என்று வாதிடலாம். ஆனால் பிள்ளையின் உயிரோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ பருப்பு அற்பம். அது செய்த வேலை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதை இன்றைக்கே போகலாம் என்று மாற்றியது மட்டுமே.

மொழிபெயர்க்கிறவனுக்கு இந்தச் சொல் ஒரு சங்கடம். முழங்கையால் விலாவில் லேசாக இடிப்பது என்று அர்த்தம். 'உந்துதல்' என்றால் ராக்கெட் ஞாபகம் வருகிறது. 'ஊக்கம்' என்றால் மேடைப் பேச்சு வாடை. 'தூண்டுதல்' என்றால் போலீஸ் குற்றப்பத்திரிகை. யோசித்துப் பார்த்தால் பொருத்தமான சொல் நம் வீட்டு விளக்கடியிலேயே கிடந்திருக்கிறது: தூண்டுகோல். எண்ணெய் விளக்கின் திரியை மேலே தள்ளிவிட வைத்திருக்கும் சின்னக் குச்சி. அது எண்ணெய் ஊற்றாது, புதுத் திரி போடாது. இருக்கிற திரியை நுனியில் கொஞ்சம் நகர்த்தும். மங்கிய சுடர் நிமிர்ந்துகொள்ளும். விளக்கில் எண்ணெய் இருக்கும்வரை அது அற்புதமான கருவி. எண்ணெய் இல்லாவிட்டால் அதே குச்சி திரியைக் கருக்கத்தான் உதவும்.

உதய்பூரின் மற்ற இரண்டு சோதனைகளையும் இந்தக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

முதலாவது, வாத்தியார்கள் கதை. குக்கிராமங்களில் சேவா மந்திர் ஓராசிரியர் பள்ளிகளை நடத்திவந்தது. ஆசிரியர்கள் அடிக்கடி மட்டம் போட்டார்கள். 2003-ல், 120 பள்ளிகளில் பாதிக்கு ஒரு காமிரா கொடுக்கப்பட்டது. காலையில் பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு மாணவன் ஆசிரியரையும் பிள்ளைகளையும் சேர்த்துப் படம் எடுக்கவேண்டும். தேதியும் நேரமும் படத்தில் தானாகப் பதியும், திருத்த முடியாது. வந்த நாளுக்கு ஏற்ப சம்பளம்: குறைந்தது 500 ரூபாய், பத்து நாளுக்கு மேல் வந்த ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல். காமிரா இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வராத நாட்கள் 42 சதவிகிதம். காமிரா வந்த பள்ளிகளில் 21. பாதியாகக் குறைந்தது. பிள்ளைகளின் மதிப்பெண்களும் உயர்ந்தன.

இரண்டாவது, நர்ஸ்கள் கதை. வாத்தியார்களை வரவைத்த முறை நர்ஸ்களை வரவைக்காதா? 2006-ல் மாவட்ட நிர்வாகமே முன்வந்தது. நர்ஸ் எந்த நாளில் கட்டாயம் நிலையத்தில் இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, அந்த நாளில் மூன்று வேளை அவர் நேரம் பதியவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பதிவுகளைச் சேவா மந்திர் திரட்டித் தரும். பாதிக்கு மேல் வராதவர்களுக்கு அரசு சம்பளத்தில் பிடிக்கும். ஆரம்பத்தில் பிரமாதமான பலன். கண்காணிக்கப்பட்ட நிலையங்களில் நர்ஸ்கள் வரத் தொடங்கினார்கள்.

பிறகு ஒரு புதுச் சொல் பதிவேட்டில் ஏறியது: 'விலக்கு நாள்'. இன்று மீட்டிங், இன்று சர்வே, இன்று பயிற்சி, ஆகையால் இன்று வராதது வராததாகாது. விலக்கு அளிக்கும் அதிகாரம் சுகாதார நிர்வாகத்திடம் இருந்தது. மாதத்துக்கு மாதம் விலக்கு நாட்கள் பெருகின. இயந்திரம் சொன்ன உண்மை இயந்திரத்திலேயே தங்கிவிட்டது. ஆரம்பித்து ஒன்றரை வருஷத்தில் திட்டம் முற்றிலும் செத்துப்போயிற்று. கண்காணிக்கப்பட்ட நிலையத்துக்கும் மற்றதற்கும் வித்தியாசமே இல்லை. 2008-ல் வெளியான ஆய்வுக் கட்டுரைக்கு அதை எழுதியவர்கள் வைத்த தலைப்பின் பொருள்: பிணத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டுவது.

இரண்டு கதைகளிலும் கருவி ஒன்றுதான், மாவட்டம் ஒன்றுதான், கண்காணித்த நிறுவனமும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே? பள்ளிகள் சேவா மந்திருடையவை. வாத்தியார் வரவேண்டும் என்று அவருக்கு மேலே இருந்தவர்கள் மனசார விரும்பினார்கள். நர்ஸ் விஷயத்தில் மேலே இருந்தவர்களுக்கு அப்படி ஒரு அவசரம் இல்லை. தாயை அசைக்கப் பருப்பு போதும். வாத்தியாரை அசைக்கக் காமிரா போதும். விலக்குக் கையெழுத்துப் போடுகிற கையை அசைக்க என்ன கொடுப்பது? அதற்கு எந்தப் பொருளாதார நிபுணரிடமும் கருவி இருக்கவில்லை. தட்டுவது எப்போதும் மேலிருந்து கீழேதான் சுலபம்.

நர்ஸ்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. மலைப்பகுதிக்கு அரசு விதிப்படி 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம். சமவெளியில் 3,000 பேர் என்பது ஒரு ஊர். இங்கே அது இருபது குன்று. அந்த அங்கன்வாடியில் ஊசிப் பெட்டியை மூடிவிட்டுப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் தலை நிமிராமலே சொன்னார்: "ஊசி போடுவதற்கு ஒரு மணி நேரம், அதை எழுதுவதற்கு இரண்டு மணி நேரம். கடைசி பஸ் நாலரைக்கு. தங்குவதற்கு இடம் கொடுத்திருந்தால் நான் ஏன் ஓடப்போகிறேன்?" இவரைக் காமிரா வைத்து வரவைக்கலாம். பஸ்ஸையும் வீட்டையும் காமிரா கொண்டுவராது.

இதற்கிடையில் டில்லியில் நட்ஜுக்குச் செல்வாக்குப் பெருகியது. 2015-ல் தொடங்கிய சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுக்கும் இயக்கத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் தாமாகவே மானியம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தன. சட்டம் போட்டுப் பிடுங்கியிருந்தால் எத்தனை கூச்சல் எழுந்திருக்கும்! 2019 ஜூலையில் வெளியான பொருளாதார ஆய்வறிக்கை ஒரு அத்தியாயம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியது. பெண் குழந்தைகளைக் காப்பதிலிருந்து வரி கட்டவைப்பதுவரை எல்லாவற்றுக்கும் தட்டிக்கொடுத்தல்தான் வழி என்ற தொனி அதில் இருந்தது.

ஆராய்ச்சியாளர்கள் இவ்வளவு உற்சாகமாக இல்லை. அமெரிக்காவில் இரண்டு நட்ஜ் அமைப்புகள் 2.3 கோடி பேரிடம் நடத்திய 126 சோதனைகளை ஸ்டெஃபானோ டெல்லாவின்யாவும் எலிசபெத் லினோஸும் தொகுத்து 2022-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கல்விப் பத்திரிகைகளில் வந்த சோதனைகளில் நட்ஜின் பலன் சராசரியாக 8.7 சதவிகிதப் புள்ளிகள். அரசுக்காகப் பெரிய அளவில் செய்தபோது 1.4. பலன் உண்டு, செலவும் குறைவுதான். ஆனால் பேச்சில் இருக்கிற அளவு இல்லை.

நம் நாட்டிலேயே, உதய்பூர்ப் பாடத்தைப் பெரிய அளவில் செய்துபார்க்க ஹரியானா அரசு முன்வந்தது. 2016-க்கும் 2018-க்கும் இடையில் ஏழு மாவட்டங்களில், பருப்புக்குப் பதில் மொபைல் ரீசார்ஜ், எஸ்.எம்.எஸ். நினைவூட்டல், ஊரில் எந்தச் செய்தியையும் நாலு பேரிடம் பரப்பக்கூடியவர்கள் என்று ஊராரே அடையாளம் காட்டிய ஆட்கள் என எல்லாவற்றையும் பலவிதமாகக் கலந்து பார்த்தார்கள். மூன்றும் சேர்ந்த மிகச் சிறந்த கலவை, போடப்பட்ட ஊசிகளின் எண்ணிக்கையை 44 சதவிகிதம் கூட்டியது. செலவழித்த ரூபாய்க்கு அதிகப் பலன் தந்ததோ பரிசே இல்லாத கலவை: ஊர்வாயும் எஸ்.எம்.எஸ்.ஸும். ஊசி போடும் ஏற்பாடு ஒழுங்காக நடக்கிற இடத்தில் ஞாபகப்படுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

தட்டுதல் தள்ளுதலாக மாறும் அபாயமும் இருக்கிறது. அதற்கு உதய்பூரிலிருந்து வெகுதூரம் போகவேண்டாம். தூய்மை இந்தியா இயக்கத்தின் உச்சத்தில், திறந்தவெளிக்குப் போகிறவர்களை வெட்கப்படவைத்தால் திருந்திவிடுவார்கள் என்ற எண்ணம் பல ஊர்களில் பரவியது. விசில் ஊதினார்கள், டார்ச் அடித்தார்கள். பிரதாப்கரில் 2017 ஜூன் மாதம் ஒரு காலையில், ஒதுங்கப்போன பெண்களை நகராட்சி ஊழியர்கள் படம் எடுத்தார்கள் என்றும், அதை எதிர்த்துக் கேட்டவர் தாக்கப்பட்டு இறந்தார் என்றும் குடும்பத்தினர் புகார் செய்தார்கள். மாரடைப்பு என்றது அதிகாரிகள் தரப்பு. எது எப்படியானாலும் ஒரு மனிதர் வீடு திரும்பவில்லை. கக்கூஸ் கட்டித்தருவதும் தண்ணீர் கொண்டுவருவதும் அரசின் வேலை. அது முடியாத இடத்தில் ஏழையின் வெட்கத்தைக் கருவியாக எடுத்துக்கொள்வது திரியைக் கருக்கும் காரியம்.

சரி, தடுப்பூசிக்கு வருவோம். 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ராஜஸ்தானில் எல்லா ஊசியும் முடித்த குழந்தைகள் நூற்றுக்கு 27 பேர்கூட இல்லை. 2015-16-ல் சுமார் 55. 2019-21-ல் சுமார் 80. பருப்பு கொடுத்து வந்த வளர்ச்சியல்ல இது. 2005-ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் கிராமத்துக்கு ஒரு ஆஷாவை நியமித்தது. வியாழக்கிழமை என்றால் அங்கன்வாடியில் ஊசி என்று நாள் நிலைத்தது. 2014 கடைசியில் வந்த இந்திரதனுஷ் இயக்கம் விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடித்தது. இவற்றுக்குள்ளும் தூண்டுகோல் இருக்கிறது: ஒரு குழந்தைக்கு முதல் வருஷ ஊசிகள் முடிந்தால் ஆஷாவுக்கு ஒரு சிறு தொகை உண்டு. மேடு ஏறி வந்து வெட்கப்படவைத்தாளே, அந்த ஆஷா பெஹன், அவளே ஒரு நடமாடும் தூண்டுகோல். ஆனால் அவள் தூண்டிவிட்ட தாய் வந்து சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. நர்ஸ் இருந்தார். பெட்டியில் மருந்து இருந்தது.

பழைய ஆய்வின் எண்களையே திரும்பப் படித்தால் இது புரியும். 6-லிருந்து 18-க்கு, அதாவது மூன்று மடங்காக உயர்த்தியது பரிசு அல்ல. நாள் தவறாமல் நடந்த முகாம். அதன்மேல் வைத்ததால்தான் பருப்பு 39-க்குக் கொண்டுபோனது. பூட்டிய கதவின் முன்னால் பருப்பு மூட்டையை இறக்கியிருந்தால் எண் ஆறிலேயே நின்றிருக்கும். பருப்பு கொடுத்த கிராமங்களிலும் 61 சதவிகிதக் குழந்தைகள் விட்டுப்போயிருந்தார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை. பருப்புக் கதை உலகெங்கும் பேசப்படுகிறது. ஒழுங்காக நடந்த முகாமைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பருப்பில் சுவாரசியம் இருக்கிறது. மாதா மாதம் ஒரு நர்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்தார் என்பதில் என்ன செய்தி இருக்கிறது?

அப்படியானால் விலக்குக் கையெழுத்துப் போடுகிற கையை யார் அசைப்பது? விந்தை என்னவென்றால், அதற்கான விடையும் இதே ஆரவல்லிக் குன்றுகளில்தான் பிறந்தது. உதய்பூருக்கு வடக்கே, ராஜ்சமந்த் மாவட்டத்தின் தேவ்டுங்ரி கிராமத்தில் 1990-ல் அருணா ராயும் தோழர்களும் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதனைத் தொடங்கினார்கள். வறட்சி நிவாரண வேலைக்குக் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டது. காகிதத்தில் மட்டும் முழுக் கூலி. 1994-லிருந்து ஊர் நடுவில் பந்தல் போட்டு, கூலிப் பட்டியலை உரக்கப் படித்தார்கள். பட்டியலில் இருந்தவர்களில் செத்தவர்கள் உண்டு, ஊரில் இல்லாதவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் எழுந்து கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகள் வளர்ந்து 2005-ல் தகவல் உரிமைச் சட்டமாயின.

இன்னொன்றும் ராஜஸ்தானில் கிளம்பியதுதான். கிடங்குகளில் தானியம் மக்கிக்கொண்டிருக்க மக்கள் பட்டினி கிடப்பதை எதிர்த்து, அம்மாநிலத்தின் மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில், எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு தரவேண்டும் என்று அந்த ஆண்டு நவம்பரில் உத்தரவு வந்தது. தமிழ்நாடு பல ஆண்டுகளாகச் செய்துவந்த காரியம் தேசத்துக்கே விதியானது. 2002-ல் ராஜஸ்தான் பள்ளிகளில் முதலில் கொடுத்தது 'கூக்ரி' என்ற வேகவைத்த கோதுமை. நாளடைவில் அது ரொட்டியும் பருப்புமாயிற்று. ஒரு விதத்தில் மதிய உணவும் பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்கும் தூண்டுகோல்தான். ஆனால் பரிசைக் கொடுத்தவர் நினைத்தால் நிறுத்தலாம். யாரும் கேட்க முடியாது. உரிமையை நிறுத்தினால் கேள்வி வரும், கோர்ட்டுக்குப் போகும்.

நட்ஜ் வேண்டாம் என்பதற்கில்லை. சின்னச் செலவில் ஒரு குழந்தையின் உயிர் காக்கும் என்றால் ஒரு கிலோ பருப்பு என்ன, ஒரு மூட்டையே கொடுக்கலாம். அதை லஞ்சம் என்று முகம் சுளிக்கிறவர்கள் கைக்குழந்தையோடு அந்தக் குன்றுகளில் ஏறியதில்லை. ஆனால் பருப்பு கேட்கிற கேள்வி தாய் ஏன் வரவில்லை என்பது மட்டுமே. நர்ஸ் ஏன் வரவில்லை, அவருக்கு ஏன் வீடு கொடுக்கவில்லை, விலக்கு அளித்தது யார் என்ற கேள்விகளை அது கேட்காது. ஏழையின் மனசை ஆராய்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆராய்கிறவர் தன் நாற்காலியை நகர்த்தவேண்டியதில்லை.

அன்று பகல் அங்கன்வாடி சுவரில் பார்த்தேன். ஊசி போடும் கிழமை, நேரம், நர்ஸின் பெயர், ஆஷாவின் பெயர் எல்லாம் நீலப் பெயின்டில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் மற்றவர்களுக்கு அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வியாழக்கிழமை நர்ஸ் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க இனி அவர்களுக்கு ஒரு சுவர் இருக்கிறது.